ஊர் விழித்திருக்கும் இரவில் பிள்ளையின் உறக்கம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை உறங்குவதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடியும் வரை அடியார்கள் நடந்துகொண்டே இருப்பர். மனநிலைக் கோளாறுக்குச் சிகிச்சை பெறும் பிள்ளையையும் அழைத்துச் செல்லலாமா என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. நடப்பது நன்று, உறக்கத்தை இழந்து நடப்பது நன்றன்று என்பதே எங்கள் விடை.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்குகிறது. விழிக்கும் நேரம், காலை வெளிச்சம், உணவு, பள்ளி, விளையாட்டு ஆகியவை அதனை ஒழுங்குபடுத்துகின்றன. மனநிலைக் கோளாறில் இவ்வொழுங்கு எளிதில் குலையும். இருமுனைக் கோளாறு உள்ளவர்க்கு ஓரிரவு உறக்கமின்மையே மிகையெழுச்சியைத் தூண்டக்கூடும். ஆகவே, விடுமுறையிலும் உறங்கும் நேரமும் எழும் நேரமும் பெரிதும் மாறாதிருத்தல் வேண்டும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை.

மனச்சோர்வில் பிள்ளை ஒதுங்கிப் படுத்துவிடும். அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். விருப்பம் பிறக்கட்டும் எனக் காத்திருக்கவும் வேண்டாம். செயல் தொடங்கினால் விருப்பம் பின்னே வரும். முதலில் தெருமுனை வரை, பின்னர் கிரிவலப் பாதையில் ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரை எனக் காலையில் உடன் நடந்து செல்லுங்கள். 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடற்செயல்பாடு வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அவ்வளவைச் சிறிது சிறிதாகவே எட்ட வேண்டும்.

மிகையெழுச்சியில் நிலைமை நேர்மாறானது. குறைவாக உறங்கியும் களைப்பின்மை, ஓயாத பேச்சு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும் வேலைகள் ஆகியவற்றைச் சுறுசுறுப்பென எண்ணி மகிழ்ந்துவிடலாகாது. அப்போது செயல்களைக் குறைத்து, மாலைக்குப்பின் வீட்டில் ஒளியையும் ஓசையையும் தணித்து, மருத்துவரை விரைந்து காணுங்கள்.

கார்த்திகைத் தீபத் திருநாளில் விடியற்காலைப் பரணி தீபத்திற்கும் மாலை மகாதீபத்திற்குமாகப் பிள்ளையை நாள் முழுதும் அலைக்கழிக்காதீர்கள். மலையுச்சித் தீபத்தை மொட்டைமாடியிலிருந்து காட்டிவிட்டு, வழக்கமான நேரத்தில் உறங்கச் செய்யுங்கள். கிரிவலத்தைப் பிறிதொரு நாள் காலையில் வைத்துக்கொள்ளலாம். லித்தியம் உட்கொள்ளும் பிள்ளைக்கு வெயிலில் நீர்ச்சத்துக் குறைந்தால், இரத்தத்தில் மருந்தின் அளவு உயரக்கூடும், குடிநீர் உடனிருக்கட்டும். மாத்திரை வேளை தவற வேண்டாம்.

உறங்கிய நேரம், எழுந்த நேரம், செய்த செயல், மனநிலை ஆகிய நான்கையும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு இரவுகள் தொடர்ந்து உறக்கம் குறைந்தாலோ, பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே வாருங்கள். 14416 என்னும் டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆலோசனை பெறலாம்.