உங்களுக்குத் தெரியுமா? பிரிட்ஜும் 60 அலகும்

நுகேகொடைக்கு மின்சாரம் தரும் லெக்கோவின் வீட்டுக் கட்டணத்தில், மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை கூடும்; நிலையான கட்டணமும் ஏறும். சிறு குடும்பத்தை அந்த எல்லை தாண்ட வைப்பது பெரும்பாலும் இரவு பகலாக ஓடும் பிரிட்ஜ்தான். உள்ளிருந்து இழுத்த சூட்டை அது வெளியே விட்டாக வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றால் கம்ப்ரெசருக்கு ஓய்வே இல்லை. பின்னால் அரைச் சாணாவது இடம் விடுங்கள். பிரிட்ஜுக்கு 4 பாகை, ஃப்ரீசருக்கு மைனஸ் 18 போதும்.

கதவு இறப்பரிடையே நூறு ரூபாய்த் தாளை வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அவ்வழியே போகிறது. இறப்பரை மாற்ற வேண்டியிருக்கலாம். சொதியை ஆறவிட்டு மூடியே வையுங்கள்; திறந்திருந்தால் அதன் ஈரத்தையும் கம்ப்ரெசர்தான் இழுக்க வேண்டும்.