விளக்கொளியில் கலக்கிய நீலம்

தூரிகைப் பழக்கம் – 7

ரவிவர்மா 1889-இல் வரைந்த நிலவொளிப் பெண்ணைத்தான் பிரதி எடுக்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். நீர்க்கரை, வெளிர் சேலை, மேலே நிலா. அசல் தில்லியில், தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. என்னிடம் இருப்பது அச்சுப்படம். சென்னையில் வேலை முடிந்து, அரக்கோணம் ஃபாஸ்ட் லோக்கலில் நின்றபடி வந்து, சாப்பிட்டுத் தூரிகையைத் தொடும்போது ஊர் அடங்கியிருக்கும். ஜங்ஷன் அடங்காது, அது வேறு.

ராத்திரியில் வரைவதில் ஒரு தொல்லை உண்டு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலம் செத்துத் தெரியும். போதவில்லை என்று பிரஷ்யன் நீலத்தைக் கூட்டத் தோன்றும். பொல்லாத நிறம் அது. கடுகளவு போதும், பலேட் முழுக்க ஏறிவிடும். விடிந்து பார்த்தால் வானம் சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி நிற்கும்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் ஃபினிஷிங் பார்க்கும் நண்பரிடம் சொன்னேன். “இதுக்குத்தான் சார் எங்ககிட்ட லைட் பாக்ஸ் வெச்சிருக்கோம்” என்று சிரித்தார். டியூப்லைட்டில் ஒரே ஷேடாகத் தெரியும் இரண்டு துண்டுத் தோல்கள் வெயிலுக்கு வந்ததும் வேறு வேறாகிவிடுமாம். பெட்டிக்குள் பகல் விளக்கு, கடை விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான் ஷேடுக்குத் தலையாட்டுவார்களாம்.

ரவிவர்மாவும் எண்ணெய் வண்ணத்தை ராத்திரியில் கற்றவர்தான் என்பார்கள். கிளிமானூரிலிருந்து 1862-இல், பதினான்கு வயதில், திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே அந்த வித்தை தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். பையனுக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். 1868-இல் மன்னர் ஆயில்யம் திருநாளின் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தான் வரைவதைப் பார்க்க விட்டாரே தவிர, கற்றுத்தரவில்லை. நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மன்னருக்கும் ஜென்சனுக்கும் தாராளமாக இடம் தருகிறவர்கள் பிள்ளையை ஒரு வரியில் அனுப்பிவிடுவது எனக்கு உறுத்தும். 1873 சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மாவுக்குக் கிடைத்த தங்கப் பதக்கத்தில் அவருக்கும் குன்றிமணியாவது உண்டு.

விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை எதைச் சொல்லித் தந்திருப்பார்? நிறத்தை இல்லை, எண்ணெயின் குணத்தை என்பது என் ஊகம். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்ஸிஜனை வாங்கி இறுகுகிறது. அதனால்தான் நாள்கணக்கில் ஈரம். அடிப்பூச்சில் டர்பன்டைன் தூக்கலாக, எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். மாறிப்போனால் மேல்பூச்சு முந்திக் காய்ந்துவிடும், அடியிலிருப்பது பிறகு அசையும், படத்தில் வெடிப்பு விழும். ஜென்சனின் தோளுக்குப் பின்னால் எத்தனை நாள் நின்றாலும் கண்ணுக்கு இது பிடிபடாது. வாய் திறந்து யாராவது சொல்ல வேண்டும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டேன். இரவில் பர்ன்ட் அம்பர் ஒன்றை மட்டும் நீர்க்கக் கரைத்து, இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்று போடுவது. அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். நிறம் கலப்பதெல்லாம் ஞாயிறு காலையில், வடக்கு ஜன்னலோரம். கருப்பு ட்யூபைத் தொடுவதில்லை. அம்பரோடு அந்தப் பொல்லாத நீலம் துளி சேர்ந்தாலே இரவு வந்துவிடுகிறது, அடைத்துக்கொள்ளாத இரவு. சேலையின் வெள்ளையும் வெறும் வெள்ளை இல்லை. அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

(தொடரும்)