குண்டசாலை: இரண்டு அணைகளுக்கு இடையே ஓர் அரசிருக்கை

மகாவலி கங்கை கண்டி மாநகரை அரைவட்டமாகச் சுற்றிச் செல்கிறது. பேராதனையிலிருந்து வடக்கு நோக்கி ஏறி, கட்டுகஸ்தோட்டையில் கிழக்கே திரும்பிப் பின் தென்கிழக்காக இறங்கும்போது அதன் கரையில் அமைவது குண்டசாலை.

1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் தலைநகரை விட்டு இவ்வாற்றங்கரையிலேயே மாளிகை அமைத்து வாழ்ந்தான். அதனால் அவனுக்குக் குண்டசாலை அரசன் என்றே பெயர் வழங்கலாயிற்று. மதுரையிலிருந்து பெண்ணெடுத்த அவனுக்குப் பட்டத்தரசியர் வயிற்றில் மைந்தர் இலர். வேறொரு மனைவிக்குப் பிறந்த உனம்புவே பண்டாரனைக் குலங்காட்டி ஒதுக்கினர். அரசியின் உடன்பிறந்தானாகிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் 1739இல் முடிசூடினான். நாயக்கர் ஆட்சி இவ்வாறு தொடங்கி 1815 வரை நிலைத்தது. ஈழத்து வரலாற்றில் இத்துணைப் பெரிய திருப்பத்தைக் கண்ட சிற்றூர்கள் சிலவே.

மாளிகை இன்று இல்லை. ஆறுந்தான் அன்றைய ஆறு அன்று. ஊருக்கு மேலே பொல்கொல்லையில் 1976இல் எழுந்த அணை, நீரின் ஒரு பகுதியை மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளை மின்னிலையத்துக்கும், அப்பால் வறண்ட வலயத்து வயல்களுக்கும் அனுப்புகிறது. அவ்வயல்களில் விளையும் நெல்லை நினைப்பவர் இதனைக் குறைகூறார். எனினும் குண்டசாலைக்கு எஞ்சியது மெலிந்த ஆறே. ஊருக்குக் கீழே 122 மீற்றர் உயர விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனியா நகரம் நீரில் மூழ்க, மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். கடுங்கோடையில் நீர்மட்டம் தாழும்போது அந்நகரின் இடிந்த சுவர்கள் வெளிப்படுகின்றன. முன்னாளில் அங்கு வாழ்ந்தோர் தம் வீடு நின்ற இடத்தைத் தேடி வருவதுண்டு.