பாட்டிமார் நட்ட காடு

ஜேர்மனியில் 2002இல் யூரோ நாணயம் புழக்கத்திற்கு வரும்வரை 50 பெனிக் நாணயம் ஒன்று கைமாறி வந்தது. முழந்தாளிட்டு மரக்கன்று நடும் ஒரு பெண்ணின் உருவம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின், வெற்றி பெற்ற நாடுகள் நஷ்டஈடாக அந்நாட்டுக் காடுகளை வெட்டி எடுத்தன. மொட்டையாகிப் போன மலைகளில் கூலிக்குக் கன்று நட்ட பெண்களை நினைவுகூரும் உருவமே அது.

நாணயத்துப் பெண்ணின் கையில் இருப்பது ஓக் கன்று. ஆனால் ஹார்ட்ஸ் மலைகளில் பெரிதும் நடப்பட்டது ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரமாகும். நமது மலையகத்துப் பைனஸ் தோட்டங்களைக் கண்டவர்களுக்கு அக்காட்சி விளங்கும். ஒரே இனம், ஒரே வயது, வரிசை வரிசையாக. விரைவில் வளரும், நேராக நிற்கும், நல்ல விலை போகும். சுரங்கங்களுக்கு மரம் தேவைப்பட்ட பழைய காலத்திலிருந்தே அங்கு இவ்வழக்கம் இருந்தது. குளிரும் ஈரமும் மிக்க உச்சிக்குரிய அம்மரம், பீச் மரங்களுக்குரிய தாழ்ந்த சரிவுகளையும் பிடித்துக் கொண்டது. அப்பெண்களைக் குறை கூறுவதற்கில்லை. பஞ்ச காலத்தில் கிடைத்த கன்றை நட்டார்கள்.

2018 ஜனவரியில் வீசிய புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அவ்வாண்டிலும் 2019, 2020ஆம் ஆண்டுகளிலும் கடும் வரட்சி. ஸ்ப்ரூஸின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. தன் பட்டையைத் துளைக்கும் வண்டைப் பிசினைச் சுரந்தே அது விரட்டும். நீரின்றேல் பிசினும் இல்லை. ஒரு நெல்மணியளவும் இல்லாத அவ்வண்டு, கோடை நீண்டால் ஒரே ஆண்டில் மூன்று தலைமுறை பெருகும். மலை முழுதும் சாம்பல் நிறமாயிற்று. 2018 முதல் 2021 ஏப்ரல் வரை ஜேர்மனி முழுவதிலும் சுமார் 5 இலட்சம் ஹெக்டேயர் காடு இழக்கப்பட்டதாகச் செய்மதிப் படங்களைக் கொண்டு கணித்தார்கள்.

இன்று அம்மலைகளில் பாடசாலை மாணவர்களும் வனத்துறையினரோடு கன்று நடுகிறார்கள். இம்முறை பீச், ஓக், மேப்பிள் எனப் பல இனங்கள். வேர் மடிந்துவிடாமல் குழியில் இறக்க வேண்டும்; மான் கடிக்காமல் வேலியோ உறையோ இட வேண்டும். காய்ந்து நிற்கும் பழைய மரங்களின் நடுவில் நின்றே பிள்ளைகள் இதைச் செய்வதுதான் என் மனதைத் தொட்டது. பாட்டிமார் எங்கே தவறினார்கள் என்பதை மறைத்துவிட்டு அவர்களுக்கு மண்வெட்டியைக் கொடுக்க முடியாதல்லவா?

நம்மிடையே மரநடுகை தினம் பெரும்பாலும் அதிதியின் வருகையோடும் புகைப்படத்தோடும் முடிந்து விடுகிறது. நான் கற்பித்த ஒரு பாடசாலையில் ஆரவாரமாக நட்ட கன்றுகள் ஆகஸ்ட் விடுமுறையில் கருகிப் போயின. தண்ணீர் ஊற்றுவது யார் என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மரம் நட்டவருக்கு, அதன் கனியைப் பறவை உண்பதும் ஸதகாவாகும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். மரம் பிழைத்தால்தானே பறவை வரும்?

அடுத்த வருடம் ஒவ்வொரு கன்றையும் அருகில் வீடுள்ள இரு மாணவர்களிடம் ஒப்படைத்தோம். வேம்பும் புங்கும் நாவலுமாகப் பன்னிரண்டு கன்றுகள். விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது ஒன்பது நின்றன. மூன்றை ஆடு தின்றிருந்தது.