சிறு டிராக்டர்களின் மின்சாரக் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

திருவள்ளூர் ஜில்லா பூந்தமல்லித் தாலுகாவைச் சேர்ந்த குத்தம்பாக்கம், சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று பட்டங்களிலும் நெல் விளையும் பிரதேசத்தில் உள்ளது. இத்தகைய கிராமங்களில் ஏரித் தண்ணீர் கிடைக்கும் காலத்திலேயே சேறு கலக்கி நடவை முடித்தாக வேண்டும். அச்சமயத்தில் டிராக்டர் கிளம்ப மறுத்தால், நாற்று முற்றுவதும் நடவாட்கள் வேறிடம் செல்வதும் நேரிடும். அவசரத்தில் பலர் பழைய பாட்டரியைத் தள்ளிவிட்டுப் புதியதொன்றை வாங்குகின்றனர். கோளாறு பாட்டரியில் இல்லாவிடில் அச்செலவு வீணே.

மின்சாரம் செல்லும் வழி

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. ஆகவே, 12 வோல்ட் பாட்டரியின் முக்கிய வேலை ஸ்டார்ட்டரைச் சுழற்றுவதேயாம். மின்சாரம் பாட்டரியிலிருந்து தடித்த ஒயர் வழியாக ஸ்டார்ட்டருக்குச் சென்று, எஞ்சினின் இரும்புடல் வழியாகவும் எர்த் ஒயர் வழியாகவும் பாட்டரிக்கே திரும்புகிறது. சேற்றுழவில் நனைந்து துருப்பிடிப்பது பெரும்பாலும் இந்த எர்த் ஒயரின் இணைப்பே.

இவ்விணைப்பில் 1 ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். விளக்கிற்கு 5 ஆம்பியர் செல்லும்போது அங்கே வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கே நஷ்டமாகும். விளக்கு பிரகாசமாகவே எரியும். ஸ்டார்ட்டருக்கு 150 ஆம்பியர் செல்லும்போதோ, 3 வோல்ட் நஷ்டமாகும், ஸ்டார்ட்டர் திணறும். விளக்கு எரிவதைக் கொண்டு இணைப்புகள் சரியென முடிவு செய்தல் கூடாது என்பது இதனால் விளங்கும்.

பரிசோதிக்கும் முறை

முதலில் விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்புக.

1. விளக்கு மங்காமலும், ஸ்டார்ட்டர் ஓசையற்றும் இருப்பின், பியூஸ், சாவி, கிளட்ச் அல்லது நியூட்ரல் பாதுகாப்பு ஸ்விட்ச், ஸ்டார்ட்டருக்குச் செல்லும் மெல்லிய ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. விளக்கு மங்கி, ஸ்டார்ட்டரில் 'டிக் டிக்' என்ற ஓசை கேட்பின், பாட்டரி வலுவிழந்திருக்கலாம். அல்லது இணைப்பு கெட்டிருக்கலாம்.

3. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்காவிடில், குற்றம் பாட்டரியினுடையதன்று. டீசல் வரும் வழியையும், டீசலை நிறுத்தும் மின்கருவி இருப்பின் அதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது நிலையில் உண்மையைத் தெரிவிப்பது மல்டிமீட்டர். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது, 12.4 காட்டினால் சுமார் முக்கால் பங்கு உள்ளது. 12-க்குக் குறைந்தால் உடனே சார்ஜ் செய்ய வேண்டும். நன்கு சார்ஜ் செய்த பின்னும், ஸ்டார்ட்டர் சுழலுகையில் 9.6-க்குக் கீழே இறங்குமாயின், பாட்டரி தேய்ந்துவிட்டதெனச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் கிளம்பாதபடி நிறுத்தும் கைப்பிடியை இழுத்துக்கொண்டு, மற்றொருவர் ஆசனத்திலமர்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் இணைப்பே குற்றவாளி. அதைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் பூசினால் போதும். பாஸிட்டிவ் ஒயரையும் இவ்வாறே சோதிக்கலாம்.

எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடுகையில் பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். 13-க்கும் குறைவாகவே நின்றால் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டையும் ஒயர்களையும் பார்க்க. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுள்ளது. பாட்டரியின் நீர் வற்றிவிடும்.

எச்சரிக்கை

ஒயரைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலிலும், பூட்டும்போது அது கடைசியிலும் வருதல் வேண்டும். பாட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிப்படுமாதலால் அருகில் பீடி, நெருப்பு ஆகாது. பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றினால் வண்டியே தீப்பற்றக்கூடும். தரையில் நின்று திருப்புளியால் ஸ்டார்ட்டரைக் குறுக்கிட்டுக் கிளப்புவது யாவற்றினும் கொடிது. கியரிலிருக்கும் வண்டி சட்டெனப் பாய்ந்து, நிற்பவர்மீதே ஏறிவிடும்.

மழைக்காலத்தில் வண்டி வாரக்கணக்கில் நிற்குமாயின், நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்க. வைக்கோற்போருக்கு அருகில் நிறுத்தினால் எலிகள் ஒயரைக் கடிக்கும்.

டிராக்டரை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு மல்டிமீட்டரை வாங்கி வைக்கும்படி கிராம அதிகாரிகள் தூண்டுதல் நலம். ஒவ்வொரு பட்டத்திற்கும் முன்பு மேற்கண்ட அளவுகளைக் குறித்துவைத்தால், நடவு நாளில் வண்டி நின்றுவிடும் சங்கடம் பெரிதும் குறையும்.