பரணில் தூங்கும் கேஸ் டார்ச்... பொடி வைத்து ஊதலாம், வாங்க!

‘அவர் ஏதோ பொடி வைத்துப் பேசுகிறார்’ என்கிறோமே, அந்தப் பொடி நகைப் பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள். நகையின் இரண்டு துண்டுகளை இணைக்க, நகையைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பொடியை வைத்து, ஊதுகுழலால் சுடரை அதன் மீது ஊதுவார்கள். பொடி உருகி ஓடும், நகை உருகாது. ஃப்ரிட்ஜ், ஏ.சி மெக்கானிக்குகள் செம்புக் குழாயில் செய்யும் ‘பிரேஸிங்’ வேலையும் இதேதான்.

ஆசையாக வாங்கி, நாலு நாள் பயன்படுத்திப் பரணில் போட்ட சின்ன கேஸ் டார்ச் உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். செம்பு மோதிரம், பித்தளைக் கொக்கி போன்ற சின்னச் சின்ன வேலைகளுக்கு அது போதும்.

முதலில் பரிசோதனை

பல வருடம் கிடந்த டார்ச்சில் முதலில் கெடுவது ரப்பர்தான். டியூபை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் டியூபையும் வாஷரையும் புதிதாக மாற்றிவிடுங்கள். எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் காற்றோட்டமான இடத்தில்தான் பற்றவைக்க வேண்டும். வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்கு எடுக்காதீர்கள். அது சமையலுக்கு மட்டுமே.

சுடர் மஞ்சளாகப் புகைந்தால், காற்றுத் துளையில் குளவி கூடு கட்டியிருக்கலாம். சுத்தம் செய்யுங்கள். நாசில் துளையில் ஊசி விட்டால் துளை பெரிதாகிவிடும். பின்பக்கமிருந்து காற்றடித்தாலே போதும். நல்ல சுடர் நீலமாக இருக்கும். அதற்குள் ஒரு சின்னக் கூம்பு தெரியும். அந்தக் கூம்பின் நுனிக்குச் சற்று வெளியேதான் சூடு அதிகம்.

மோதிரம் செய்வோமா?

பழைய செம்பு ஒயரின் பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் சீவி எடுங்கள். எரித்தால் நச்சுப்புகை வரும். கம்பியை மங்கிய சிவப்பாகும் வரை சுட்டுத் தண்ணீரில் போட்டால், எஃகைப் போல் கெட்டியாகாமல் மெத்தென்று வளையும்.

விரல் அளவுக் குழாயில் சுற்றி, வெட்டி, இரண்டு முனைகளும் இடைவெளியின்றித் தொடும்படி பொருத்துங்கள். வெண்காரத்தைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, வெள்ளிப் பற்றாசில் கடுகளவு வைத்து, தீச்செங்கல் மேல் சூடாக்குங்கள். சிமென்ட் தரை வேண்டாம், சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

இங்கேதான் சூட்சுமம். சுடரைப் பற்றாசின் மீது காட்டாதீர்கள். மோதிரம் முழுவதும் சூடாக வேண்டும். வெண்காரம் முதலில் பொங்கும், பிறகு கண்ணாடி போல உருகும். செம்பு சரியான சூட்டுக்கு வந்ததும் பற்றாசு ‘பளிச்’சென்று இணைப்புக்குள் ஓடிவிடும். உடனே சுடரை எடுத்துவிடுங்கள். ஆறியபின் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு போய்விடும்.

இவை வேண்டவே வேண்டாம்!

* துத்தநாகம் பூசிய ஜி.ஐ தகடு, ஆணி: அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும்.

* காட்மியம் கலந்த பற்றாசு: புகை நுரையீரலைப் பாதிக்கும். ‘காட்மியம் இல்லாதது’ என்று கேட்டு வாங்குங்கள்.

* மூடிய டப்பா, இரு முனையும் அடைத்த குழாய்: வெடிக்கும்.

* அலுமினியம்: நிறம் மாறிக் காட்டாமலே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். செம்பு 1,085 டிகிரி வரை தாங்கும் என்பதால், பழகுவதற்குச் செம்புதான் நல்லது.

பருத்தி உடை, கண்ணாடி, இடுக்கி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்... இவை இல்லாமல் தொடங்காதீர்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டால் வளைப்பதையும் தேய்ப்பதையும் அவர்களிடம் கொடுங்கள்; சுடர் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். டியூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து, சுடர் தானாக அணைந்தபின் டார்ச்சை மூடுங்கள்.