ஆறு மாசம்... ஒரு ஸ்பூன்!
ஆபீஸில் மேனேஜரையே சமாளிக்கிற ஆசாமி நான். ஆறு மாசப் பயலுக்கு ஒரு ஸ்பூன் கேழ்வரகுக் கூழ் ஊட்டுவதற்குள் சட்டை முழுக்க அபிஷேகம்! முளைகட்டி, காயவைத்து, அரைத்து, துணியில் சலித்து... அம்மா பட்ட பாட்டையெல்லாம் 'ப்பூ' என்று துப்பிவிட்டான்.

"பிடிக்கலை மாப்ளே, தண்ணியாக் கரைச்சு புட்டியில ஊத்திடுங்க" என்றார் மாமனார்.

அங்கேதான் சார் தப்பு! துப்புவது வெறுப்பில்லை. பால் மட்டுமே குடித்துப் பழகிய நாக்கு, எது வந்தாலும் வெளியேதான் தள்ளும். உள்ளே தள்ளப் பழக நாளாகும். தண்ணியாக்கினால் குட்டி வயிறு ரொம்பும், சத்து சேராது. ஸ்பூனைச் சாய்த்தாலும் சட்டென்று வழியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஆரம்பத்தில் வேளைக்கு 2, 3 ஸ்பூன் போதும். தாய்ப்பால் வழக்கம்போல! ருசிக்குத் தேன்? ஒரு வயசு முடிகிறவரை மூச்!

எட்டாம் நாள் பயல் ஸ்பூனையே பிடுங்கிக்கொண்டான். இப்போது மாமனார் வேட்டியும் கேழ்வரகுக் கலர்.